பி.ஓ.டி. 28 என்கிறது காகிதம்! நம்ம கழனி என்ன சொல்லுது?



நம்ம ஊர்ப் பேரிலேயே நீர் இருக்கிறது. திருநீர்மலை! மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதால், பெருமாளைச் சேவிக்க வந்த திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்துக் கிடந்தார் என்று நம்ம பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த ஊரில் இன்றைக்கு ஏரித் தண்ணீரில் கால் வைத்தால் அரிப்பு. மாட்டை ஓட்டிப் போனால் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. ஆழ்வார் தண்ணீர் வடியக் காத்திருந்தார். நாம் தண்ணீர் தெளியக் காத்திருக்கிறோம். ஆறு மாதமா? இருபது வருஷம் ஆச்சு!

மனை போட்டது போக மிச்சமிருக்கிற கழனிக்கும், கீரைப் பாத்திக்கும், மாட்டுக்கும் இந்தத் தண்ணீரை விட்டால் வேறு கதி இல்லை. இது திருநீர்மலைக்கு மட்டும் வந்த கேடா? திருமுடிவாக்கம், பழந்தண்டலம், எருமையூர், சோமங்கலம் என்று அடையாற்றுப் படுகையில் உள்ள ஒவ்வொரு ஊருக்கும் நாளை இதே கேள்வி வரும். அதனால் எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள். கொஞ்சம் கணக்கு இருக்கிறது. கணக்குத் தெரியாதவன் என்று நினைத்துத்தான் நம்மை ஏமாற்றுகிறார்கள்.

ஒரு பாட்டில் தண்ணீரின் கதை

என் கதையையே சொல்கிறேன். போன நவரைப் பட்டத்துக்கு முக்கால் ஏக்கரில் நடவு போட்டேன். சேடை ஓட்டும்போதே நுரை கிளம்பியது. நட்ட பன்னிரண்டாம் நாள் நாத்து மஞ்சளித்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். பக்கத்துக் கழனிக்காரரும், "அண்ணே, எனக்கும் இதே கதிதான்" என்றார்.

ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் பாட்டிலைத் தொடக்கூட இல்லை. ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"பி.ஓ.டி. 28 இருக்கு ஐயா. லிமிட் 30. எல்லாம் நார்மல்."

"சார், நார்மல்னா என் நாத்து ஏன் சார் கருகுச்சு?"

"அதை நீங்க விவசாய ஆபீஸ்லதான் கேக்கணும்."

அங்கே போனேன். "தண்ணி எங்க டிபார்ட்மென்ட் இல்லீங்களே" என்றார்கள். ஒருத்தருக்குத் தண்ணீர் தெரியும், பயிர் தெரியாது. இன்னொருத்தருக்குப் பயிர் தெரியும், தண்ணீர் தெரியாது. இரண்டும் தெரிந்த நம்மை யாரும் கேட்பதில்லை!

அந்த 28 என்னதான் என்று அன்றைக்கு முடிவு கட்டிப் படிக்க ஆரம்பித்தேன். பிளஸ் டூவில் சயன்ஸ் குரூப் படித்தது வீண் போகவில்லை. தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

எருக்குழி தெரிந்தவனுக்கு பி.ஓ.டி. புரியும்

பச்சைச் சாணியை நேராகக் கழனியில் கொட்டினால் என்ன ஆகும்? பயிர் கருகும். குழியில் போட்டு மக்க வைத்தால்? எரு. நடுவில் வேலை செய்வது யார்? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். சாணியில், தழையில் இருக்கிற கரிமப் பொருளை அவை தின்கின்றன. தின்றதில் ஒரு பங்கை எரித்துக் கரியமில வாயுவாக விடுகின்றன. மிச்சத்தில் உடம்பு வளர்த்துப் பெருகுகின்றன. எரிக்கப் பிராணவாயு வேண்டும். நமக்கு மூச்சு மாதிரி.

சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் நடப்பதும் இதேதான். 1914-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் கண்டறிந்து சொன்ன முறை. தொட்டியில் கழிவுநீரை விட்டு, அடியிலிருந்து காற்றை ஊதி, நுண்ணுயிர்களை மேய விடுகிறார்கள். மேய்ந்து பெருத்த நுண்ணுயிர்கள் சேறாகப் படியும். தெளிந்த தண்ணீர் மேலே வரும். நல்ல முறைதான். குறை சொல்லவில்லை.

காற்று ஊதாத நம்ம ஏரியில் அந்தக் கழிவு வந்து விழுந்தால்? தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை நுண்ணுயிர்கள் குடித்துத் தீர்த்துவிடும். நம்ம ஊர் வெயிலில் சுத்தமான தண்ணீரிலேயே லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுதான் பிராணவாயு கரைந்து நிற்கும். அது தீர்ந்ததும் பிராணவாயு தேவைப்படாத வேறு ஜாதி நுண்ணுயிர்கள் கிளம்புகின்றன. தண்ணீர் கறுக்கும். அழுகிய முட்டை நாற்றம் வரும். என் நாத்து வேரில் அடித்தது அந்த நாற்றம்தான்!

ஒரு லிட்டர் தண்ணீரிலுள்ள கழிவைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு பிராணவாயு வேண்டும்? அந்த அளவுதான் பி.ஓ.டி. நல்ல தண்ணீரை விட்டு நீர்க்கச் செய்து, 300 மில்லி பாட்டிலில் காற்றுக் குமிழி இல்லாமல் அடைத்து, இருட்டில் வைப்பார்கள். முதல் நாள் பிராணவாயு எவ்வளவு, கடைசி நாள் எவ்வளவு என்று அளப்பார்கள். குறைந்த அளவை, நீர்த்த மடங்கால் பெருக்கினால் பி.ஓ.டி.

எத்தனை நாள் வைக்க வேண்டும்? 1912-ல் பிரிட்டிஷ் ராயல் கமிஷன் ஐந்து நாள் என்று வைத்தது. அந்த நாட்டு ஆறுகள் ஐந்து நாளுக்குள் கடலில் சேர்ந்துவிடும் என்பது கணக்காம். நம்ம ஏரித் தண்ணீர் எந்தக் கடலுக்குப் போகிறது? மாசக்கணக்கில் இங்கேயேதான் நிற்கிறது! இந்தியாவில் இப்போது 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் வைக்கிறார்கள்.

மூன்று நாளில் முழுக்கடனும் தெரியுமா?

கந்துவட்டிக்காரன் கணக்கு நமக்குத் தெரியாததா? இதுவும் அதே மாதிரி, தலைகீழ். மிச்சமிருக்கிற கழிவில் ஒவ்வொரு நாளும் ஒரு குறிப்பிட்ட பங்கு கரையும். சாக்கடை நீருக்குப் புத்தகத்தில் போடுகிற வேகப்படி, 27 டிகிரியில் நாளொன்றுக்கு நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கரைகிறது. 100 இருந்தால் மறுநாள் 73, அடுத்த நாள் 53, மூன்றாம் நாள் 39. ஆக மூன்று நாளில் 61 பங்குதான் கணக்கில் வருகிறது. மிச்சம் 39 பங்கு காகிதத்தில் வராது, ஏரியில் வரும். காகிதத்தில் 28 என்றால் மொத்தக் கடன் சுமார் 46!

இந்த வேகம் எல்லாத் தண்ணீருக்கும் ஒன்றல்ல. சுத்திகரித்த பிறகு மிஞ்சுவது நுண்ணுயிர் சுலபத்தில் தின்னாத சக்கைதான். அது இன்னும் மெதுவாகக் கரையும். அப்படியானால் மூன்று நாளில் கணக்கில் வருவது இன்னும் குறைவு. நம்ம ஏரித் தண்ணீருக்கு அந்த வேகம் எவ்வளவு? அளந்திருக்கிறார்களா? அளந்திருந்தால் நமக்குக் காட்டட்டும்.

28-க்குள் ஒளிந்திருக்கிற ஐந்து ஓட்டைகள்

முதல் ஓட்டை: விஷம் கலந்தால் எண் குறையும்! இதுதான் பெரிய அநியாயம், கவனமாகக் கேளுங்கள். பி.ஓ.டி. அளக்கிற கருவி நுண்ணுயிர். தண்ணீரில் குரோமியம் மாதிரி உலோகமோ மிதமிஞ்சிய உப்போ இருந்தால் நுண்ணுயிர் மயங்கும், சாகும். செத்த நுண்ணுயிர் தின்னுமா? மூச்சு விடுமா? பிராணவாயு குறையாது, பி.ஓ.டி. குறைந்து காட்டும். நுண்ணுயிர்கூடப் பிழைக்காத தண்ணீருக்கு "நார்மல்" சர்டிபிகேட்! செத்தவன் சாப்பாடு கேட்கவில்லை என்பதற்காக அவனுக்குப் பசி இல்லை என்று எழுதுவது மாதிரி.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதே தண்ணீரைப் பத்து மடங்கு, இருபது மடங்கு, ஐம்பது மடங்கு நீர்க்கச் செய்து தனித்தனியே சோதித்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். நீர்க்க நீர்க்க எண் ஏறிக்கொண்டே போனால் உள்ளே விஷம் என்று அர்த்தம். நமக்கு ஒரே ஒரு எண்ணைத்தானே காட்டுகிறார்கள்?

இது வெறும் பயம் இல்லை. பக்கத்து ஊர் குரோம்பேட்டைக்கு அந்தப் பேர் எப்படி வந்தது? குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. நாகல்கேணி, பம்மல் பக்கம் தோல் பதனிட்டதை நாம் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள்.

இரண்டாம் ஓட்டை: எங்கே, எப்போது எடுத்தது? 1925-ல் அமெரிக்காவில் ஒகையோ ஆற்றை வைத்து ஸ்ட்ரீட்டர், பெல்ப்ஸ் என்ற இருவர் ஒரு கணக்குப் போட்டார்கள். கழிவு விழுகிற இடத்தில் மூச்சுத் திணறல் உச்சத்தில் இருக்காது; தண்ணீர் ஓடி, நுண்ணுயிர் பெருகி, கீழே கொஞ்ச தூரத்தில்தான் பிராணவாயு அடிமட்டத்துக்குப் போகும் என்று காட்டினார்கள். குழாய் வாயில் மட்டும் பாட்டிலைப் பிடித்துவிட்டு ஜீப் ஏறிப் போனால் போதுமா? மதகடிக்கு வாங்க! அதுவும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வேண்டாம். பகலில் பாசி பிராணவாயுவை விடும், தண்ணீர் யோக்கியமாகத் தெரியும். ராத்திரி முழுக்கப் பாசியும் மூச்சு வாங்கும். விடியற்காலைதான் உண்மை தெரியும். மீன் செத்து மிதப்பதை நாம் பார்ப்பது எப்போது? விடியற்காலையில்தானே!

மூன்றாம் ஓட்டை: தண்ணீர் ஊற்றினால் எண் குறையும். பால்காரன் வித்தை! ஒரு பேச்சுக்கு, நாளுக்கு 25 லட்சம் லிட்டர், பி.ஓ.டி. 56 என்று வைத்துக்கொள்ளுங்கள். லிமிட்டுக்கு மேல், தப்பு. அதில் இன்னொரு 25 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கலந்தால் எண் 28. சட்டப்படி சரி! ஏரியில் விழுகிற பாரம்? முதலிலும் 140 கிலோ, இப்போதும் 140 கிலோ. வருஷத்துக்கு 51 டன். ஆகவே லிட்டருக்கு எவ்வளவு என்று சொன்னால் பத்தாது. நாளுக்கு எத்தனை கிலோ? அதைச் சொல்லு!

நான்காம் ஓட்டை: பி.ஓ.டி.யில் வராதவை. உப்பு வராது. குரோமியம் வராது. நுண்ணுயிர் தின்னாத ரசாயனம் வராது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொது அளவுகோலில் பி.ஓ.டி. 30 மட்டுமா எழுதியிருக்கிறது? நீர்நிலையில் விடும் நீருக்கு சி.ஓ.டி. 250, மொத்தக் குரோமியம் 2 மில்லிகிராம் என்று பெரிய பட்டியலே இருக்கிறது. சி.ஓ.டி. என்பது அமிலமும் டைகுரோமேட்டும் விட்டுக் கொதிக்க வைத்து, நுண்ணுயிர் தின்பதையும் தின்னாததையும் சேர்த்து எரித்து அளப்பது. விஷம் இருந்தாலும் அது ஏமாறாது. வீட்டுச் சாக்கடையில் சி.ஓ.டி. ஏறக்குறைய பி.ஓ.டி.யின் இரண்டு மடங்கு. சுத்திகரித்த பிறகு விகிதம் கூடுவது இயல்புதான். ஆனால் ஆறு மடங்கு, எட்டு மடங்கு என்று எகிறினால் காரணம் சொல்ல வேண்டாமா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால்தானே நாம் கேட்க முடியும்!

ஐந்தாம் ஓட்டை: மின்பலகை எண். 2014-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பெரிய ஆலைகளுக்கு ஆன்லைன் கருவி வைக்கச் சொன்னது. நல்லது. ஆனால் பாட்டில் சோதனைக்கு மூன்று நாள் வேண்டும், பலகையில் பி.ஓ.டி. எண் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுவது எப்படி? இப்படிப்பட்ட கருவிகளில் பல, தண்ணீருக்குள் ஒளியைச் செலுத்தி, அது எவ்வளவு மங்குகிறது என்று பார்த்து, சூத்திரம் போட்டு ஊகித்துச் சொல்கின்றன. ஊகம் தப்பில்லை. அந்தச் சூத்திரத்தை இந்த ஊர்த் தண்ணீரோடு, பாட்டில் சோதனையோடு அடிக்கடி ஒப்பிட்டுத் திருத்தியிருக்க வேண்டும். தராசுக்கு முத்திரை இல்லாமல் நெல் போடுவோமா? இதற்கு மட்டும் முத்திரை வேண்டாமா?

சுத்திகரித்த நீர் வேண்டாம் என்றா சொல்கிறோம்?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு "விவசாயிகள் வளர்ச்சிக்கு எதிரி" என்று கிளப்பிவிடுவார்கள். கரிமச் சத்து மண்ணுக்குப் பகை இல்லை. மண்ணுக்குள்ளும் நுண்ணுயிர் இருக்கிறது, தின்று எருவாக்கும். அதனால்தான் நிலத்துக்குப் பாய்ச்சும் நீருக்கு அதே அளவுகோல் பி.ஓ.டி. 100 வரை விட்டுக்கொடுக்கிறது. அளவாகப் பாய்ச்சிக் காயவிட்டால் மண் தாங்கும். தேங்கி நிற்கும் ஏரி தாங்காது, சேற்றில் நிற்கிற நெல் வேர் தாங்காது. உப்பையும் உலோகத்தையும் எந்த மண்ணும் தாங்காது.

கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019-ல் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவுநீரை ஆர்.ஓ. வரைக்கும் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் குழாய் போட்டார்கள். பாய்லர் கெட்டுவிடக் கூடாது என்று கம்பெனிக்காரன் தண்ணீரை ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துத்தான் வாங்குகிறான். சோறு போடுகிற கழனிக்கு மட்டும் ஒற்றை எண்ணா?

சட்டம் சும்மா இல்லை. 2017 அக்டோபரில் மத்திய அரசு நகரச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் பெருநகரங்களில் 20, மற்ற இடங்களில் 30 என்று அறிவித்தது. போதாது, 10-க்கு இறக்கு என்று 2019 ஏப்ரல் 30-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. அளவுகோல் இறங்கிக்கொண்டே வருகிறது. அளக்கிறவன் நேர்மையைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

1974-ம் வருஷத் தண்ணீர்ச் சட்டம், பிரிவு 21-ஐப் பாருங்கள். மாதிரி எடுக்கும்போது ஆலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவர் முன்னால் இரண்டாகப் பிரித்து சீல் வைக்க வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். கழிவு விடுகிறவருக்கு இத்தனை மரியாதை! கழிவை வாங்கிக்கொள்கிறவனுக்கு? ஒரு வரி இல்லை!

கேட்டவர்கள் வென்றிருக்கிறார்கள்

"நாம கேட்டா ஆகுமா?" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். 1996 ஆகஸ்ட் 28-ல் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவனே நஷ்டத்தைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அபராதம் கட்டிய மாவட்டங்களில் நம்முடைய அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் ஒன்று. பாலாற்று விவசாயிகளின் நஷ்டஈடு பாக்கிக்கு 2025 ஜனவரி 30-ல் அதே உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட்டிருக்கிறது.

நொய்யலைப் பாருங்கள். பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவுத் தொட்டியானது. ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். 2006-ல் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அதற்கும் அடங்காதபோது 2011 ஜனவரி 28-ல் சாய ஆலைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அவர்கள் கையில் இருந்த ஆயுதம் என்ன? உப்பின் அளவு, கிணற்றின் அளவு, தேதி போட்ட காகிதம். கோஷத்தோடு கணக்கும் சேர்ந்ததால் ஜெயித்தார்கள்.

நம் கோரிக்கைகள்

1. மாதிரி எடுப்பதை விவசாயிகளுக்கு முன்கூட்டி அறிவி! எங்கள் பிரதிநிதி முன்னால் மூன்றாகப் பிரித்து சீல் வை! ஒரு பாகம் எங்களுக்கு!
2. குழாய் வாயில், ஏரி நடுவில், மதகடியில் என மூன்று இடத்தில் எடு! விடியற்காலை ஒரு தடவை, பகலில் ஒரு தடவை எடு!
3. பி.ஓ.டி., சி.ஓ.டி., கரைந்த பிராணவாயு, உப்பு, குரோமியம் ஐந்தையும் தமிழில் எழுதி ஏரிக்கரையில் பலகை வை! நாளுக்கு எத்தனை கிலோ என்றும் எழுது!
4. பி.ஓ.டி.யை மூன்று வெவ்வேறு மடங்கில் நீர்க்கச் செய்து சோதி! மூன்று எண்ணையும் வெளியிடு!
5. ஆன்லைன் கருவியைப் பாட்டில் சோதனையோடு ஒப்பிட்ட பதிவேட்டைக் காட்டு!
6. கருகிய பயிருக்கு நஷ்டஈடு கொடு!

நீங்கள் செய்ய வேண்டியது

வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம். தண்ணீர் கறுத்த நாள், நாற்றம் அடித்த நேரம், மீன் செத்த தேதி, பயிர் மஞ்சளித்த நாள் எல்லாம் எழுதுங்கள். தெரிந்ததை எழுதினால் போதும், கூட்டிச் சொல்ல வேண்டாம். ஒரு பொய் இருந்தால் நூறு உண்மையும் போச்சு.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் பத்து ரூபாய்க்கு மனு போடலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். காகிதம் மட்டுமல்ல, சான்றளித்த மாதிரியைக் கேட்கவும் பிரிவு 2(ஜே) வழி வைத்திருக்கிறது. மனு எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கம் எழுதித் தரும். ஊராட்சி உள்ள கிராமங்களில் கிராம சபையில் இந்த ஆறு கோரிக்கையையும் தீர்மானமாகப் போடுங்கள். தாம்பரம் மாநகராட்சிக்குள் 2021-ல் சேர்ந்துவிட்ட நாம் வார்டு வார்டாகக் கையெழுத்து வாங்குவோம்.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் உபரி நீர் நம்ம பக்கம் அடையாற்றில் வந்து சேர்ந்தபோது, ஊரே திருநீர்மலையைத் திரும்பிப் பார்த்தது. வெள்ளம் வடிந்ததும் மறந்துவிட்டார்கள். மற்ற நாளெல்லாம் நம் பக்கம் வருவது சாக்கடை மட்டும்தான். நாமும் மறந்தால், அடுத்த தலைமுறை "நீர்மலைன்னு ஏன் பேர் வச்சாங்க?" என்று கேட்கும். என்ன பதில் சொல்லப் போகிறோம்?

படித்துவிட்டுக் கிழித்துப் போடாதீர்கள். அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.

எங்கள் ஏரி! எங்கள் கண் முன்னால் அள! எல்லா எண்ணையும் காட்டு!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இப்படிக்கு,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம், திருநீர்மலை